பத்துக்குப் பத்து பெட்ரூமுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற வீட்டு அலங்காரப் பக்கத்த நான் விடாம படிக்கிறவ. போன மாசம் பெட்ரூம் பத்தி வந்தத பாத்துட்டு தான் இத எழுதுறேன். ஃபால்ஸ் சீலிங், அதுக்குள்ள ஓடுற எல்இடி ஸ்ட்ரிப், கட்டில் தலைமாட்டுல மெத்தை வச்ச பேனல், தரையில இருந்து கூரை வரைக்கும் வார்ட்ரோப். பாக்க நல்லா தான் இருந்துச்சு, குறை சொல்லல. ஆனா வாடகை வீட்டுல ஒரு கட்டில் ஒரு பீரோ போட்டா நடக்க ஒன்னரை அடி மிச்சம் இருக்குற ரூம்ல படுக்குறவங்க அத படிச்சா என்ன நினைப்பாங்க, நம்ம ரூம் அழகா ஆகணும்னா லட்சக்கணக்குல வேணும், இந்த ஜென்மத்துல ஆகாதுனு நினைச்சு பேப்பர மடிச்சு வச்சிருவாங்க. அது தப்பான முடிவுங்க. அத சொல்லத்தான் இந்த லெட்டர்.

நான் திருச்சி உறையூர்ல வீட்டுலயே மிஷின் போட்டு கர்ட்டன், தலகாணி உறை, சோபா கவர் தைச்சு குடுக்குறவ. அளவெடுக்க வீடு வீடா போறதால ஜனங்களோட பெட்ரூம் உள்ள வரைக்கும் போய் பாக்குற வேலை என்னோடது. நிறைய செலவு பண்ணியும் கசகசன்னு இருக்குற ரூமும் பாத்திருக்கேன், சாதாரண ஆஸ்பெஸ்டாஸ் மாடி ரூம்ல உள்ள நுழைஞ்சதும் அப்பாடான்னு உக்காரத் தோணுற மாதிரி வச்சிருக்குறவங்களையும் பாத்திருக்கேன். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் வெளிச்சம், துணி, கண்ணுல என்னென்ன படுது, இந்த மூணு தான். இந்த மூணுமே கைக்கு அடக்கமான செலவு.

வெளிச்சத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். நம்ம வீடுகள்ல பெட்ரூம்னா கதவுக்கு மேல ஒரு வெள்ளை டியூப்லைட், அத விட்டா ராத்திரிக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, அவ்வளவு தான். அந்த வெள்ளை வெளிச்சத்துல எவ்வளவு நல்ல பெட்ஷீட் போட்டாலும் ரூம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி தான் தெரியும், சுவர்ல இருக்குற ஒவ்வொரு கறையும் ஒவ்வொரு விரிசலும் பளிச்சுனு தெரியும். எல்இடி பல்பு வாங்கும்போது டப்பாவுல பாருங்க, 6500கே னு போட்டிருந்தா அது வெள்ளை, 3000கே இல்ல 2700கே னு போட்டிருந்தா அது மஞ்சள் வெளிச்சம், கடையில வார்ம் வொயிட்னு கேட்டா குடுப்பாங்க. விலை கிட்டத்தட்ட ஒன்னு தான், 9 வாட்ஸ் பல்பு 100 ரூபாய சுத்தி கிடைக்குது. டியூப்லைட்ட கழட்ட வேணாம், புள்ளைங்க படிக்க, ஊசி நூல் கோக்க, கீழ விழுந்த தோடு தேட அது வேணும். கட்டில் பக்கத்துல தாழ்வா ஒரு ஹோல்டர், பின்னோட ஒயர், அதுல மஞ்சள் பல்பு, மேல ஒரு கூடையோ பிரம்பு ஷேடோ கவுத்துட்டா சாயந்தரம் ஆறு மணிக்கு மேல டியூப்ப அணைச்சுட்டு அத மட்டும் போட்டா போதும். மூலையெல்லாம் லேசா இருட்டாயிரும், வெளிச்சம் விழுற இடம் மட்டும் கண்ணுக்கு தெரியும், அதுலயே பாதி வேலை முடிஞ்சிரும். ஒயர் தொங்குனா அசிங்கம், எலக்ட்ரிக்கல் கடையில கிளிப் பாக்கெட் கேளுங்க, சுவர் ஓரமா கட்டில் கால் பின்னாடி ஓட்டிறலாம்.

அடுத்தது துணி, இது என் தொழில், கொஞ்சம் நீளமா தான் சொல்லுவேன், பொறுத்துக்கங்க.

பெட்ஷீட் வாங்குறவங்க பூ டிசைன், புலி டிசைன், கலர் இதெல்லாம் பாக்குறாங்க, அளவ பாக்குறதில்ல. 5 அடிக்கு ஆறே கால் அடி மெத்தைனா 60 இன்ச்சுக்கு 75 இன்ச். மெத்தை 6 இன்ச் உயரம்னு வச்சுக்கங்க. 90க்கு 100 பெட்ஷீட் விரிச்சா ரெண்டு பக்கமும் 15 இன்ச் இறங்கும், மெத்தை உயரம் 6 போக 9 இன்ச் அடியில சொருகலாம், நகராது. ஆனா தலைமாடு கால்மாடு பக்கம் பன்னெண்டரை தான் இறங்கும், சொருக ஆறரை இன்ச் தான் மிச்சம். இப்ப வர்ற 8 இன்ச் மெத்தைக்கு அதுவும் நாலரை ஆயிரும், ராத்திரி ரெண்டு தடவ புரண்டா உருவிட்டு வந்துரும், காலைல கட்டில பாத்தா சுருங்கி கெடக்கும். அதனால டபுள் கட்டிலுக்கு 90க்கு 108 கேட்டு வாங்குங்க. நல்லா இழுத்து சொருகி சுருக்கம் இல்லாம விரிச்ச ஒரே கலர் காட்டன் பெட்ஷீட்டுக்கு முன்னாடி வேற எந்த அலங்காரமும் நிக்காது. வழவழன்னு மின்னுற பாலியெஸ்டர் ஷீட் விலை குறைவுன்னு அள்ளிட்டு வர்றாங்க, திருச்சி வெயிலுக்கு அதுல படுத்தா முதுகு ஒட்டும், நாலு மாசத்துல முடிச்சு முடிச்சா உருண்டை கட்டும்.

தலகாணியும் அதே மாதிரி. நடுவுல அமுங்கிப் போன தலகாணிக்கு எவ்வளவு நல்ல உறை போட்டாலும் எடுக்காது. இலவம்பஞ்சு தலகாணியா இருந்தா தூக்கி போடாதீங்க, மெத்தை கடையில பஞ்ச பிரிச்சு வெயில்ல காயவச்சு கூட கொஞ்சம் புதுப் பஞ்சு சேத்து அடைச்சு குடுப்பாங்க, புதுசு வாங்குறதுல பாதி கூட ஆகாது. உறை தைக்க குடுக்கும்போது வாய் பக்கம் உள்ள 6 இன்ச் மடிப்பு வச்சு தைக்க சொல்லுங்க, அப்ப தான் உள்ள இருக்குற அழுக்கு தலகாணி வெளிய எட்டிப் பாக்காது. ரெடிமேட் உறை நிறையவற்றுல அந்த மடிப்பு பேருக்கு ரெண்டு இன்ச் தான் இருக்கு.

இப்ப கர்ட்டன். கடையில ரெடிமேட் கர்ட்டன் ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடினு வச்சிருக்காங்க, நாமளும் ஜன்னலுக்கு அந்த 5 அடிய வாங்கி மாட்டிடுறோம். அது ஜன்னலுக்கு கீழ ஒரு அடி இறங்கி பாதியில நிக்கும், சுவர் ரெண்டா வெட்டின மாதிரி ஆகி ரூமே குட்டையா தெரியும். ஜன்னலுக்கும் 7 அடி கதவு கர்ட்டனையே மாட்டுங்க. ராட ஜன்னலுக்கு மேல 3 இன்ச் தள்ளி, ரெண்டு பக்கமும் அரை அடி அரை அடி நீட்டி அடிச்சீங்கன்னா நம்ம ஊர்ல ஜன்னலுக்கு மேல குறுக்கா வர்ற லின்டல் பீம் 7 அடி உயரத்துல இருக்குறதால கர்ட்டன் தரைக்கு மூணு இன்ச் மேல வந்து நிக்கும், தரை துடைக்கும்போது நனையாது, ரூம் உயரமா தெரியும், ஜன்னல் 4 அடி தான்னாலும் 5 அடி ஜன்னல் மாதிரி காட்டும். ஜன்னலுக்கு நேர் மேல லாஃப்ட் வந்துட்ட வீடுகள்ல ராட ஏத்த முடியாது, அங்க அகலத்த மட்டும் கூட்டுங்க. லின்டல் கான்கிரீட், சும்மா டிரில் போட்டா இறங்காது, ஹாமர் டிரில் வச்சிருக்குறவர கூப்பிடுங்க, இல்லேன்னா ரெண்டு மாசத்துல ராடு பிராக்கெட்டோட கழண்டு கையில வந்துரும்.

தைக்க குடுக்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். துணி அகலம் ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கணும், அப்ப தான் மூடுனாலும் மடிப்பு மடிப்பா விழும், கணக்கா வாங்குனா போர்வை காயப்போட்ட மாதிரி தொங்கும். காட்டன் துணியா இருந்தா தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தண்ணியில ஊறவச்சு காயவைக்கணும், இல்லேன்னா முதல் துவையல்ல ரெண்டு மூணு இன்ச் ஏறிரும். ரிங் போட்ட கர்ட்டன்னா ரிங் எண்ணிக்கை இரட்டைப்படையில இருக்கான்னு பாத்துக்கங்க, அப்ப தான் ரெண்டு ஓரமும் சுவர் பக்கம் திரும்பி நிக்கும், ஒத்தைப்படையா இருந்தா ஒரு ஓரம் வெளிய துருத்திக்கிட்டே இருக்கும். மேக்கு பாத்த ஜன்னலுக்கு பின்னாடி ஒரு லைனிங் குடுத்தா வெயிலும் குறையும் கலரும் வெளுக்காது.

இதுக்கெல்லாம் துணி எங்க வாங்குறதுன்னு கேப்பாங்க. நாம எங்க உக்காந்திருக்கோம்னு பாருங்க, கரூர் இங்கிருந்து ரெண்டு மணி நேரம் கூட இல்ல. உலகத்துல எத்தனையோ ஊர் பெட்ரூமுக்கு பெட்ஷீட்டும் கர்ட்டனும் கரூர்ல இருந்து தான் கப்பல் ஏறுது. ஏற்றுமதி ஆர்டர்ல மிச்சமாகுற சரக்கு அங்க கடைகள்ல கிடைக்கும், சின்னதா ஒரு நெசவுக் குறையோ கலர் வித்தியாசமோ இருக்கும், விரிச்சு பாத்து எடுத்தா துணி முதல் தரம். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப கரூர் தறிக்காரங்களும் தையல்காரங்களும் எவ்வளவு பயந்தாங்கன்னு இந்த தொழில்ல இருக்குற எங்களுக்கு தெரியும், நம்ம ஊர் ஜனங்க வருஷத்துக்கு ஒரு செட் அங்க வாங்குனா அவங்களுக்கும் தெம்பு நமக்கும் மிச்சம். ஈரோடு பக்கம் போறவங்க சென்னிமலை பெட்ஷீட் வாங்குங்க, துவைக்க துவைக்க மெதுவாகிட்டே போகும். ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் நடக்கும், அங்க மீட்டர் துணியா எடுத்தா கர்ட்டனுக்கு ரொம்ப கட்டுப்படி ஆகும். அவ்வளவு தூரம் போக முடியாதவங்களுக்கு கோ-ஆப்டெக்ஸ் இருக்கு, 1935-ல இருந்து நடக்குது, தீபாவளி சமயத்துல தள்ளுபடி போடும்போது ரெண்டு ஷீட் எடுத்து வச்சுக்கிட்டா வருஷம் ஓடிரும்.

ஒரு வீட்டு கதைய சொல்றேன். தென்னூர்ல ஒரு அக்கா, பொண்ணுக்கு தலை தீபாவளி, மாப்பிள்ளை வந்து தங்குவார், இருக்குற ஒரு பெட்ரூம நல்லா காட்டணும்னு ஒரு இன்டீரியர் கடையில விசாரிச்சிருக்காங்க. சீலிங், வால்பேப்பர், வார்ட்ரோப் கதவு எல்லாம் சேத்து ஒரு லட்சத்த ஒட்டி சொல்லிட்டாங்க. அதுவும் வாடகை வீடு. கல்யாணக் கடனே முடியாத நேரத்துல நகைய வைக்கலாமானு யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப தான் கர்ட்டன் அளவுக்கு என்ன கூப்பிட்டாங்க. நான் போய் பாத்தேன். ரூம்ல குறைனு பெருசா ஒன்னுமே இல்ல. கதவுக்கு பின்னாடி கொக்கியில ஒரு வாரத்து துணி, லாஃப்ட்ல அண்டா குண்டா அட்டைப்பெட்டி பழைய சூட்கேஸ், கரும்பச்சைல ஒரு பீரோ, கட்டில் தலைமாட்டு சுவர்ல தலை எண்ணெய் பட்டு பட்டு வட்டமா கறை, அஞ்சாறு வருஷத்து காலண்டர் ஆணி. அவ்வளவு தான்.

லாஃப்ட்ட மூட அந்த அக்காவோட பழைய காட்டன் புடவை ஒன்ன எடுத்தோம். புடவை அகலம் 46 இன்ச் இருக்கும், லாஃப்ட் வாய் உயரம் 3 அடி தான், மேல ராடு நுழைய மடிப்பு கீழ ஓரம் எல்லாம் போக சரியா வரும். நீளம் அஞ்சரை மீட்டர், அதாவது 18 அடி, 10 அடி லாஃப்ட்டுக்கு சுருக்கம் விட்டு தைக்க போதுமான துணி. ஒரு புடவை, ஒரு லாஃப்ட். ஸ்பிரிங் கம்பி போடாதீங்க, நடுவுல தொய்ஞ்சு தொங்கும், மெல்லிசா ஒரு ஸ்டீல் பைப் வாங்கி நடுவுல ஒரு ஹூக் குடுத்தா நேரா நிக்கும். கதவு இல்லாத சிமெண்ட் செல்ஃப்புக்கும் இதே தான், இதே புடவையோட கலர்லயே போட்டா இன்னும் நல்லது.

எண்ணெய் கறைக்கு மேல கட்டில் அகலத்துக்கு ஒரு கோரைப்பாய் மாட்டினோம். முசிறி நம்ம ஜில்லா தான், காவிரிக் கரை கோரையில அங்க பாய் போடுறாங்க, ஓரத்துல சிவப்புக் கோடு போட்ட ஒரு சாதா பாய் தான், மேல ஒரு மூங்கில் குச்சிய சேத்து கட்டி ரெண்டு ஆணியில தொங்க விட்டாச்சு. கறையும் மறைஞ்சுது, சாஞ்சு உக்கார முதுகுக்கும் ஜில்லுனு இருக்கு, மஞ்சள் வெளிச்சத்துல அந்த பாயோட நிறம் வந்து நின்னுச்சு பாருங்க, அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. பட்டமடைப் பாயா இருந்தா இன்னும் நைசா இருக்கும், ஆனா விலை ஜாஸ்தி. இல்லேன்னா பவானி ஜமக்காளம் மாட்டலாம். ஒன்னு மட்டும் கவனிக்கணும், அந்த சுவர்ல ஓதம் இருந்தா பாய் மாட்டக் கூடாது, பூஞ்சை புடிக்கும்.

பீரோவுக்கு உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, தின்னர்ல துடைச்சு, துரு தெரிஞ்ச இடத்துல ரெட் ஆக்சைடு அடிச்சு, சுவர் கலரோட ஒத்துப் போற மாதிரி வெளிர் கலர்ல எனாமல் பெயிண்ட் ரெண்டு கோட் அந்த அக்காவோட பையனே அடிச்சான். சின்ன ரூம்ல கரும்பச்சை, காப்பி கலர் பீரோ நின்னா கண்ணு நேரா அங்க தான் போகும், சுவர் கலர்லயே இருந்தா இருக்குறதே தெரியாது. பெயிண்ட் வாசனை போக ரெண்டு மூணு நாள் ஜன்னல திறந்து போட்டு அங்க யாரும் படுக்காம இருக்கணும், கைக்குழந்தை இருக்குற வீடுகள்ல இத கண்டிப்பா பாத்துக்கங்க.

கர்ட்டன் துணி, ராடு, என் தையல் கூலி, பெட்ஷீட் ரெண்டு, பல்பு, பெயிண்ட் எல்லாம் சேத்து 6,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து புது வீடானு கேட்டாங்களாம்.

ஓதம்னு சொன்னேன்ல, அத பத்தி இன்னும் ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா இதுல தான் ஜனங்க காச நிறைய தொலைக்கிறாங்க. சுவர் உரிஞ்சு உப்பு பூத்து இருந்தா உடனே வால்பேப்பர் ஸ்டிக்கர், செங்கல் டிசைன்ல வர்ற ஃபோம் ஷீட் இதெல்லாம் வாங்கி ஒட்டிடுறாங்க. ஒட்டுன அன்னைக்கு பளபளன்னு இருக்கும். உள்ள இருக்குற ஈரம் வெளிய போக வழியில்லாம பின்னாடியே கறுப்பா பூஞ்சை புடிச்சு, மழைக்காலத்துல ரூம் முழுக்க ஒரு முடை நாத்தம் அடிக்கும், சின்னப் புள்ளைங்களுக்கு மூச்சுக்கும் நல்லதில்ல. உரிச்சா சுவர்ல பூசுன பட்டியோட சேந்து வரும், காலி பண்ணும்போது ஓனர் அத அட்வான்ஸ்ல புடிப்பார். ஈரம் எங்கிருந்து வருது, பாத்ரூம் சுவரா, மொட்டைமாடி தண்ணியா, குழாய் கசிவா, அத முதல்ல அடைக்கணும். அது வீட்டு ஓனர் செய்ய வேண்டிய வேலை, கேக்கறதுக்கு வாடகைக்காரங்க தயங்க வேணாம். 2019 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்குற தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில சுவருக்கு வெள்ளையடிக்கிறதும், கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிக்கிறதும், தேவைப்பட்டா குழாய் மாத்துறதும் ஓனர் பொறுப்புல தான் வச்சிருக்காங்க, அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்கலேன்னா. அதனால அக்ரிமென்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பெயிண்ட் பத்தின வரிய படிச்சு பாருங்க. இத உங்க பேப்பர்ல யாராவது வக்கீல வச்சு விவரமா எழுத வச்சா ரொம்ப பேருக்கு உபயோகப்படும்.

கலர் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ரூம்ல மொத்தம் மூணு கலருக்கு மேல வேணாம். சுவர் ஒன்னு, கர்ட்டனும் லாஃப்ட் துணியும் ஒன்னு, பெட்ஷீட் ஒன்னு. ரோஸ் கலர் சுவர், நீலக் கர்ட்டன், மஞ்சள் பூ பெட்ஷீட், பச்சை மேட் எல்லாமே தனித்தனியா நல்ல சாமான் தான், ஒன்னா சேந்தா ஒன்னோட ஒன்னு சண்டை போடும்.

ஆசிரியருக்கு என்னோட கோரிக்கை இது தான். அந்தப் பக்கத்துல மாசத்துக்கு ஒரு தடவையாவது வாடகை வீட்டு ரூம் ஒன்ன போடுங்க. சதுர அடி என்ன, என்னென்ன பண்ணாங்க, பல்புக்கு எவ்வளவு துணிக்கு எவ்வளவு ஆச்சு, எந்த ஊர் சந்தையில எடுத்தாங்கன்னு விவரமா போடுங்க. மாத்துறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவும் பின்னாடி எடுத்த போட்டோவும் பகல் வெளிச்சத்துல, ஒரே இடத்துல நின்னு எடுத்ததா இருக்கட்டும், அப்ப தான் ஜனங்களுக்கு எது மாறுச்சுன்னு தெரியும். தையல்காரங்க, பஞ்சு அடைக்கிறவங்க, பாய் போடுறவங்க கிட்டயும் கேட்டு எழுதுங்க, எங்க எல்லார் கிட்டயும் சொல்றதுக்கு நிறைய இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
உறையூர், திருச்சி.